நேரம் ஒத்திசைக்கும் பணியும் மகனின் எதிர்காலமும்: ஒரு தந்தைக்குப் பதில்

அன்புள்ள ஐயா, வணக்கம்.

குடியாத்தத்திலிருந்து தாங்கள் எழுதிய கடிதம் கிடைத்தது. பி.எஸ்சி. கணினி அறிவியல் முடித்து, ராணிப்பேட்டையில் ஒரு தோல் தொழிற்சாலையின் கணினிப் பிரிவில் சேர்ந்த தங்கள் மகனிடம், எல்லாக் கணினிகளிலும் நேரத்தை ஒன்றாக்கும் பணியை ஒப்படைத்திருக்கிறார்கள் என்றும், கடிகாரம் திருத்தவா படிக்க வைத்தோம் என்று வீட்டில் வருந்துகிறீர்கள் என்றும் எழுதியிருக்கிறீர்கள். வேலையை விடச் சொல்லி, கடன் வாங்கிச் சென்னையில் பயிற்சிக்கு அனுப்பும் எண்ணத்தைத் தள்ளிவைக்கலாம் என்பதே என் கருத்து.

ஒவ்வொரு கணினியின் கடிகாரமும் தன் போக்கில் சற்று முந்தும் அல்லது பிந்தும். அலுவலகக் கணினிகளையும் பயனர்களையும் ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கும் விண்டோஸ் டொமைனில் பயனரைச் சரிபார்க்கும் கெர்பரோஸ் முறை, இயல்பான அமைப்பில் ஐந்து நிமிடத்துக்கு மேற்பட்ட வேறுபாட்டை ஏற்பதில்லை. கடவுச்சொல் சரியாக இருந்தாலும் ஊழியர் உள்ளே நுழைய முடியாது. வலையமைப்புக்குள் வருவதையும் போவதையும் வடிகட்டும் ஃபயர்வால், சர்வர், சிசிடிவி ஆகியவற்றின் நிகழ்வுப் பதிவுகள் (லாக்) ஆளுக்கொரு நேரம் காட்டினால், ஊடுருவல் நடந்தபின் எது முதலில் நிகழ்ந்தது என்று எவராலும் நிறுவ முடியாது. இதனால்தான் இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட ஆணையில், நிறுவனங்கள் தங்கள் கணினி நேரத்தைத் தேசியத் தகவலியல் மையம் அல்லது புதுதில்லித் தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் என்.டி.பி. சர்வர்களோடு (வலையமைப்பு வழியே சரியான நேரம் தருபவை), அல்லது அவற்றை அடியொற்றிய சர்வர்களோடு ஒத்திசைக்க வேண்டும் என்றும், பதிவுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்றும் கூறியது. ஆகவே மேலாளர் அவரிடம் தந்திருப்பது சட்டக் கடமையும் சேர்ந்த பணி.

அதைச் செய்யும் விதத்தில்தான் திறமை தெரியும். எல்லாக் கணினிகளும் தனித்தனியே இணையத்தில் நேரம் கேட்பது முறையன்று. உள்ளே இரண்டு சர்வர்கள் மட்டும் வெளியிலிருந்து நேரம் பெற வேண்டும், ஃபயர்வாலில் என்.டி.பி. பயன்படுத்தும் யு.டி.பி. 123 என்ற போர்ட் (தகவல் செல்லும் வழி) அவற்றுக்கு மட்டும் திறந்திருக்க, மற்றவை அவற்றைப் பின்பற்ற வேண்டும். டொமைன் இருந்தால் பி.டி.சி. எமுலேட்டர் என்ற பொறுப்பிலுள்ள, டொமைனுக்கே நேரம் தரும் டொமைன் கன்ட்ரோலரை (டொமைனை நடத்தும் சர்வர்) அந்த இரண்டு சர்வர்களோடு இணைத்தால் போதும், ஏனைய டொமைன் கணினிகள் தாமே அதன்வழி வரும். வெளி மூலங்கள் நான்கேனும் இருப்பது நல்லது. இரண்டே இருந்து அவை முரண்பட்டால் எது பிழை என்று அறிய வழியில்லை. ஓடிக்கொண்டிருக்கும் டேட்டாபேஸ் சர்வரின் நேரத்தை ஒரே தாவலில் பின்னோக்கித் தள்ளினால் பதிவுகளின் வரிசை குலையும் என்பதால், சிறு வேறுபாடுகளைக் குரோனி போன்ற மென்பொருள் கடிகாரத்தின் வேகத்தைக் கூட்டிக் குறைத்து மெல்லச் சரிசெய்கிறது. ஒரு கணினி சரியாக ஐந்தரை மணி நேரம் விலகி நின்றால், என்.டி.பி.யைச் சந்தேகிக்கும் முன் நேர மண்டல அமைப்பைப் பார்க்க வேண்டும், என்.டி.பி. உலகப் பொது நேரத்தையே அனுப்புகிறது, அதைவிட ஐந்தரை மணி நேரம் முந்திய இந்திய நேரமாக மாற்றுவது அந்தந்தக் கணினியின் வேலை. பயிற்சியாளர்கள் பலர் இங்கேதான் ஒரு நாளை வீணாக்குகிறார்கள்.

தாங்கள் கேட்ட பயிற்சிக்கு வருகிறேன். சிஸ்கோ நிறுவனத்தின் வலையமைப்புச் சான்றிதழான சி.சி.என்.ஏ. பாடத்திட்டத்தில் என்.டி.பி. அமைத்தல் இருக்கிறது, ரெட் ஹேட் நிறுவனத்தின் லினக்ஸ் நிர்வாகச் சான்றிதழான ஆர்.எச்.சி.எஸ்.ஏ. தேர்வும் நேரச் சேவையை அமைக்கச் சொல்கிறது. கட்டணம் கட்டிப் படிக்க வேண்டியவற்றில் ஒரு பகுதியை அவர் சம்பளத்தோடு கற்கிறார். இன்னும் ஓராண்டு அங்கேயே இருந்து, இவற்றுள் ஒன்றுக்கு வார இறுதிகளில் தயாராகட்டும். பின்னர் பதிவுக் கண்காணிப்பு, கணினிப் பாதுகாப்பு ஆகிய பிரிவுகளுக்கு நகரலாம். அதற்குச் சென்னைதான் செல்ல வேண்டும் என்பதுமில்லை. பெரிய மருத்துவமனையும் பல்கலைக்கழகமும் உள்ள வேலூரிலும் பெரிய கணினி வலையமைப்புகள் இருக்கின்றன.

எந்தச் சாதனம் எதனிடமிருந்து நேரம் பெறுகிறது என்ற வரைபடத்தையும், மாற்றத்துக்கு முன்னும் பின்னும் இருந்த வேறுபாட்டையும் அவர் இரண்டு பக்கத்தில் எழுதிவைக்கச் சொல்லுங்கள். மேலாளரின் அனுமதி பெற்று, நிறுவனத்தின் ஐ.பி. முகவரிகளை நீக்கிவிட்டு அதை எனக்கு அனுப்பினால், சுயவிவரக் குறிப்பில் எப்படிச் சேர்ப்பது என்று அவரிடமே பேசுகிறேன்.