வால்வு காலத்து மின்னிசைக் கருவிகள்: கேள்வி பதில்

மின்சாரத்திலிருந்து இசையை வரவழைக்கப் புறப்பட்டவர்களைப் பற்றி, 1900 தொடங்கி 1970 வரை, எது வேண்டுமானாலும் கேளுங்கள். பழைய வால்வு ரேடியோ (டிரான்சிஸ்டருக்கு முந்தைய கண்ணாடிக் குழாய்களில் ஓடுவது) பழுது பார்க்கப் பழகி, அங்கிருந்து தெரமின் என்ற, தொடாமலே வாசிக்கும் மின்னிசைக் கருவியைக் கட்டுவதற்கு வந்து சேர்ந்தவன் நான். 1970க்குப் பிறகு வந்தவற்றை என்னைவிட நன்றாகச் சொல்லக்கூடியவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

கேள்வி: சார், சிந்தசைசரை முதலில் கண்டுபிடித்தது மூக் தானே?

அவர் பெயர் ராபர்ட் மோக். 'மூக்' இல்லை, அவரே மோக் என்றுதான் சொல்வார். 1964இல் அவரும் ஹெர்பர்ட் டாய்ச் என்ற இசையமைப்பாளரும் சேர்ந்து உருவாக்கியது, வோல்டேஜைக் கொண்டு சுருதியையும் ஒலியின் நிறத்தையும் ஆளும் கருவி. இன்று சிந்தசைசர் என்று நாம் சொல்வதன் அடிப்படை அதுதான். ஆனால் மின்சாரத்தில் இசை வாசிப்பது அப்போதே அறுபது வருடப் பழசு. அந்த அறுபது வருடத்தைப் பற்றிக் கேட்டால் எனக்கு இன்னும் சந்தோஷம்.

கேள்வி: 200 டன் எடையில் ஒரு இசைக்கருவி இருந்ததாகப் படித்தேன். உண்மையா?

உண்மை. டெல்ஹார்மோனியம் என்று பெயர். தாடியஸ் கேஹில் என்ற அமெரிக்கர் 1897இல் அதற்குக் காப்புரிமை வாங்கினார். 1906இல் நியூயார்க் பிராட்வே பக்கம் நிறுவப்பட்ட இரண்டாவது கருவிதான் ஏறத்தாழ 200 டன். ரயிலில் ஏற்றித்தான் கொண்டு வந்தார்கள்.

ஏன் அவ்வளவு எடை? அன்று ஆம்ப்ளிஃபயர் கிடையாது. சின்ன மின்னோட்டத்தைப் பெரிதாக்க வழி இல்லை என்றால், தொடக்கத்திலேயே பெரிதாக உற்பத்தி செய்துவிட வேண்டும். ஆகவே ஸ்வரங்களுக்கெல்லாம் டைனமோ வைத்தார். பல் வெட்டிய இரும்பு உருளை கம்பிச்சுருளுக்கு முன்னால் சுழலும். நொடிக்கு 440 பல் கடந்தால் 440 அதிர்வு. அந்த மின்னோட்டத்தைத் தொலைபேசிக் கம்பி வழியாக ஹோட்டல்களுக்கும் உணவகங்களுக்கும் அனுப்பினார்கள். வாசிப்பவர் ஓரிடம், கேட்பவர் வேறிடம். வானொலி ஒலிபரப்பு வருவதற்கு முன்பே சந்தா கட்டி இசை கேட்கும் ஏற்பாடு!

கெடுத்ததும் அந்தக் கம்பிதான். இவ்வளவு வலுவான மின்னோட்டம் பக்கத்துக் கம்பிகளில் கசிந்தது. ஊரில் யாரோ தொலைபேசியில் பேசிக்கொண்டிருக்க, நடுவே இசை புகுந்தது. 1908இல் கருவி இருந்த அரங்கை மூடினார்கள். கேஹில் விடாமல் மூன்றாவது கருவியும் கட்டினார். 1914இல் நிறுவனம் திவால். அந்த ஒலியின் ஒரு பதிவுகூட இன்று இல்லை. இந்தத் துறையில் எனக்கு மனசு ஆறாத இழப்பு அதுதான்.

யோசனை மட்டும் சாகவில்லை. லாரன்ஸ் ஹாமண்ட் 1935இல் விற்பனைக்குக் கொண்டுவந்த ஆர்கனில் அதே பல்சக்கர முறைதான். நாணயம் போன்ற சின்னச் சக்கரங்கள், 91. இடையில் வால்வு ஆம்ப்ளிஃபயர் வந்துவிட்டதால் டைனமோ அறை ஒரு மரப்பெட்டிக்குள் அடங்கியது.

கேள்வி: என் தாத்தாவின் வால்வு ஆம்ப்ளிஃபயர் பரணில் கிடக்கிறது. அதைத் திறந்து பழைய காலத்து ஒலி ஏதாவது செய்து பார்க்கலாமா?

திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே இருக்கும் பெரிய கெபாசிட்டர்கள் மின்சாரத்தைப் பிடித்து வைத்திருக்கும். 300 வோல்ட் சர்வசாதாரணம். கற்றுக்கொண்டிருந்த காலத்தில், பிளக்கைப் பிடுங்கிப் பத்து நிமிடம் ஆகிவிட்டதே என்று உள்ளே கையை விட்டு, சுவரில் போய் மோதினேன். அனுபவமுள்ள மெக்கானிக் ஒருவரிடம் கொடுத்து, முதலில் கெபாசிட்டரில் தங்கிய மின்சாரத்தை இறக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: தெரமினைத் தொடாமல் எப்படி வாசிக்கிறார்கள் அண்ணா?

இதை விரிவாகவே சொல்கிறேன்.

தெரமினைச் செய்த லெவ் தெர்மென் ரஷ்ய இயற்பியலாளர், செல்லோவும் வாசிப்பார். 1920 வாக்கில் பெத்ரோகிராதில் (இன்றைய செயின்ட் பீட்டர்ஸ்பர்க்), ஆப்ராம் இயோஃபேயின் ஆய்வுக்கூடத்தில், வாயுக்களின் மின் தன்மையை அளக்கும் கருவி ஒன்றைச் செய்துகொண்டிருந்தார். அளவை ஹெட்ஃபோனில் கேட்டபோது, தன் கை கிட்டே போனால் ஒலி மாறுவதைக் கவனித்தார். இன்னொருவராக இருந்தால் கோளாறு என்று மூடி வைத்திருப்பார். செல்லோ வாசிக்கிற காதுக்கு அது ராகமாகக் கேட்டது.

உள்ளே இரண்டு ஆசிலேட்டர், அதாவது சீராக அதிரும் மின்சுற்று. இரண்டும் காதுக்கு எட்டாத அளவு வேகமாக அதிரும். எடுத்துக்காட்டாக ஒன்று நொடிக்கு 1,70,000 என்று நிலையாக ஓடுகிறது. மற்றது ஒரு ஆண்டெனாவோடு இணைந்தது. உங்கள் கையும் ஆண்டெனாவும் சேர்ந்து ஒரு சின்ன கெபாசிட்டர் ஆகின்றன. கை நகர்ந்தால் அதன் அளவு மாறும். இரண்டாவது ஆசிலேட்டர் 1,69,560க்கு இறங்கும். இரண்டையும் கலந்தால் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம், அதாவது 440, மட்டும் காதுக்கு வரும். வலது கை சுருதிக்கு. இடது கை, பக்கவாட்டில் உள்ள வளையத்துக்கு மேல் ஏறி இறங்கிச் சத்தத்தைக் கூட்டும், குறைக்கும்.

1922இல் லெனினுக்கு முன்னால் வாசித்துக் காட்டினார். லெனினும் முயன்று பார்த்தார். 1927இன் கடைசியில் அமெரிக்கா போனார். 1938இல் திரும்பியவரை மறு ஆண்டே கைது செய்து கோலிமா கட்டாய உழைப்பு முகாமுக்கு அனுப்பினார்கள். பிறகு சிறைக்குள்ளேயே இயங்கிய ஆய்வுக்கூடத்தில் ஒட்டுக்கேட்கும் கருவிகள் செய்ய வைத்தார்கள். மாஸ்கோவில் அமெரிக்கத் தூதரின் வீட்டில் தொங்கிய மரச் சின்னத்துக்குள், பேட்டரியே இல்லாமல் ஏழு வருடம் வேலை செய்த கருவி அவருடையதுதான். 1945இல் பரிசாகக் கொடுத்தது, 1952இல் அகப்பட்டது. தெர்மென் 1993 வரை வாழ்ந்தார்.

கேள்வி: நான் வீணை கற்கிறேன் ஐயா. இந்தக் கருவிகளில் கமகம் வருமா? கீபோர்டில் வராததுதான் எங்கள் குறை.

இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தேன்.

வரும். தொடக்க காலக் கருவிகளில் பல, ஸ்வரத்தை அசைத்தும் வழுக்கியும் வாசிக்கும் கமகத்துக்கென்றே செய்தவை போல இருக்கும். தெரமினில் ஸ்வரத்துக்கும் ஸ்வரத்துக்கும் நடுவே சுவரே கிடையாது. கிளாரா ராக்மோர் என்று ஒருவர். சிறு வயதிலேயே தேர்ந்த வயலின் கலைஞர், கையில் ஏற்பட்ட பாதிப்பால் வயலினை விட்டவர். காற்றிலேயே விரல் வைக்கும் முறை ஒன்றை அவர் தெரமினுக்கு வகுத்தார். விரலை மடக்கினால் ஒரு ஸ்வரம், நீட்டினால் அடுத்தது. அவர் பதிவுகளைக் கேளுங்கள், அசைவு எவ்வளவு நுணுக்கம் என்று உங்கள் காது சொல்லும்.

1928இல் பாரிஸில் மோரிஸ் மார்த்தனோ செய்த கருவி 'ஓந்த் மார்த்தனோ'. அவரும் செல்லோ வாசிப்பவர், முதல் உலகப் போரில் ராணுவ ரேடியோவை இயக்கியவர். விரலில் ஒரு மோதிரம். அது ஒரு நாடாவோடு கட்டியிருக்கும். மோதிரத்தை நகர்த்தினால் சுருதி வழுக்கிக்கொண்டு போகும். பிறகு அதில் கீபோர்டும் சேர்த்தார், ஆனால் எப்படிப்பட்ட கீபோர்டு? கட்டையைப் பக்கவாட்டில் அசைத்தால் ஸ்வரம் அசையும்!

1930இல் பெர்லினில் ஃபிரெட்ரிக் ட்ரௌட்வைன் செய்த ட்ரௌட்டோனியம் உங்களுக்கு இன்னும் நெருக்கம். நீள உலோகப் பட்டைமேல் ஒரு கம்பி. விரலால் கம்பியை எங்கே அழுத்துகிறீர்களோ அதற்கேற்ற சுருதி. வீணையில் இருப்பதுபோல மெட்டு கிடையாது. நம் கோட்டுவாத்தியத்தில் கட்டையை உருட்டுவதுபோல விரலை உருட்டலாம். ஆஸ்கர் சாலா அதை வாழ்நாள் முழுக்க வாசித்தார். ஹிட்ச்காக்கின் 'தி பேர்ட்ஸ்' படத்தில் பறவைகளின் இரைச்சலை உருவாக்கியது சாலாவின் கருவிதான்.

கேள்வி (கீபோர்டு வாசிக்கும் நண்பர்): பிட்ச் வீல் வைத்துக் கீபோர்டிலேயே கமகம் வாசிக்கிறார்கள். விற்காமல் போன கருவிகளை ஏன் தூக்கிப் பிடிக்கிறீர்கள்?

நல்ல கேள்வி, கோபமே இல்லை. சுருதியை வளைக்கும் சக்கரமான பிட்ச் வீல் 1970இல் மோகின் மினிமோக் சிந்தசைசரோடு வந்தது. கெட்டிக்காரர்கள் அதில் அழகாக வாசிக்கிறார்கள், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒரு கை ஸ்வரத்தை அழுத்த, இன்னொரு கை அதை வளைக்கிறது. வீணையில் மெட்டின்மேல் இருக்கும் அதே விரல்தான் கம்பியை இழுக்கிறது. அந்த வேறுபாட்டை வீணை வாசிப்பவர் உடனே உணர்வார்.

விற்பனை பற்றி: அமெரிக்க ரேடியோ நிறுவனமான ஆர்சிஏ 1929இல் தெரமினைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. ராகம் முணுமுணுக்கத் தெரிந்தால் போதும், வாசித்துவிடலாம் என்று விளம்பரம் செய்தது. அது பொய்யான வாக்குறுதி. வயலினைவிடக் கஷ்டமான கருவி அது. அதே வருடம் பங்குச்சந்தையும் சரிந்தது. 500 கருவிதான் செய்தார்கள். தோற்றது கருவியின் ஒலி இல்லை.

கேள்வி (அதே நண்பர்): ஆர்மோனியத்தையும் இப்படித்தான் கமகம் வராது என்று 1940இல் வானொலியில் தடை செய்தார்கள். நீங்களும் அதே கட்சியா?

இல்லவே இல்லை. அந்தத் தடை தளர முப்பது வருடம் ஆனது. அதில் எத்தனையோ நல்ல கலைஞர்கள் நஷ்டப்பட்டார்கள். நம் நாடக மேடையை ஆர்மோனியம் இல்லாமல் நினைத்துப் பார்க்க முடியுமா? யாரையும் எதையும் தடை செய்ய நான் சொல்லவில்லை. நான் சொல்வது கருவிக்குள் என்ன இருக்கிறது என்பதை.

மோக் தன் கருவியில் ஒரு ஸ்தாயிக்கு ஒரு வோல்ட் என்று வைத்தார். கீபோர்டு அந்த ஒரு வோல்ட்டைப் பன்னிரண்டு படியாக வெட்டிக் கொடுக்கிறது. ஆனால் ஆசிலேட்டருக்குப் படியே தெரியாது. இரண்டு படிக்கு நடுவே எந்த வோல்ட்டேஜ் கொடுத்தாலும் அந்தச் சுருதியில் பாடும். கமகம் கருவிக்குள் இருக்கிறது. கட்டைதான் அதை மறைக்கிறது. மோக்கே விரலை வழுக்கி வாசிக்கும் ரிப்பனும் செய்து விற்றார். அதே காலத்தில் கலிஃபோர்னியாவில் டான் புக்லா, கறுப்பு வெள்ளைக் கட்டையை வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டுத் தொடு தகடுகள் வைத்தார். கீபோர்டு இருந்தது எல்லோருக்கும் புரிந்தது, விற்றது. ஆகவே அது ஒரு வியாபார முடிவு. மின்சாரம் கேட்டுக்கொண்டது இல்லை.

வீணை கற்பவருக்கும் கீபோர்டு நண்பருக்கும் பொதுவாக ஒன்று. கனடாவின் ஹியூ லெ கேன் 1945இல் தொடங்கி 1948க்குள் 'எலக்ட்ரானிக் சாக்பட்' என்ற கருவியைக் கட்டினார். கீபோர்டுதான். ஆனால் கட்டையை அழுத்தும் விரலே பக்கவாட்டில் தள்ளி ஸ்வரத்தை வளைக்கும். அழுத்தம் கூடினால் சத்தம் கூடும். நீங்கள் இருவரும் கேட்பது அந்த ஒரே கருவியில் இருந்தது.

கேள்வி: முதல் சிந்தசைசர் எது?

முதல் பதிலைப் பாருங்கள்.

கேள்வி: பாரிஸில் ரயில் சத்தத்தைப் பதிவு செய்து இசை என்றார்களாமே, அது மின்னிசையா?

பியர் ஷெஃபர், 1948. பதிவான ஒலியை வெட்டி, திருப்பி, சுழற்றிச் செய்தது. 1951இல் ஜெர்மனியின் கொலோன் வானொலியில் கலைக்கூடம் தொடங்கியவர்களோ ஆசிலேட்டரில் பிறந்த ஒலிதான் வேண்டும் என்றார்கள். 1956இல் ஸ்டாக்ஹௌசன் என்ற ஜெர்மன் இசையமைப்பாளர் ஒரு சிறுவனின் குரலையும் மின் ஒலியையும் ஒரே படைப்பில் சேர்த்தார். அதோடு அந்தச் சண்டையின் காரம் போய்விட்டது. இரண்டும் மின்னிசைதான். ஷெஃபருக்கு முன்பே, 1944இல், கெய்ரோவில் ஹலீம் எல்தப் என்பவர் கம்பியில் ஒலி பதியும் கருவியை வைத்து இதே வேலையைச் செய்தார். அவரை யாரும் கேட்பதே இல்லை, கேளுங்கள்.

கேள்வி: இந்தி 'நாகின்' படத்து மகுடி சத்தம் உண்மையான மகுடியா?

இல்லை. கல்யாண்ஜி வாசித்த கிளேவியோலின். 1947இல் பிரான்சில் கான்ஸ்டண்ட் மார்ட்டின் செய்த சின்ன வால்வு கீபோர்டு. கூடவே ரவியின் ஆர்மோனியம். கீபோர்டு நண்பருக்கு இந்த ஒரு புள்ளியை மனதாரக் கொடுக்கிறேன்.

கேள்வி: போனில் பாட்டு செய்ய எந்த ஆப் நல்லது?

என் துறை இல்லை.

கேள்வி: மோகுக்கு முன்னால் சிந்தசைசர் செய்தது யார் என்று சொல்லவே இல்லையே?

கேஹில், தெர்மென், மார்த்தனோ, ட்ரௌட்வைன், ஹாமண்ட், லெ கேன். மேலே எல்லோரும் இருக்கிறார்கள். தயவு செய்து படித்துவிட்டுக் கேளுங்கள்.

கேள்வி: பழைய வால்வு ரேடியோ இரண்டை வைத்துத் தெரமின் சத்தம் வரவழைக்கலாம் என்கிறார்களே?

வரும். ஆனால் மூடியைத் திறக்காமல். கெபாசிட்டர் பற்றிச் சொன்னதை மறுபடி சொல்கிறேன்: பிளக்கைப் பிடுங்கினாலும் உள்ளே கையை விடாதீர்கள்.

கேள்வி (வீணை கற்பவர்): நான் தெரமின் தொடங்க வேண்டுமானால் எங்கே ஆரம்பிப்பது ஐயா?

வால்வு வேண்டாம். 9 வோல்ட் பேட்டரியில் ஓடும் டிரான்சிஸ்டர் தெரமின் கிட் வாங்கிச் சால்டர் செய்யுங்கள். பிறகு சுருதிப்பெட்டியைப் போட்டுவிட்டு ஸட்ஜத்தை மட்டும் பிடித்து நிற்கப் பழகுங்கள். முதல் மாதம் அது ஒன்றே போதும். உடம்பு அசைந்தாலே சுருதி விலகும் என்பதால் சப்பணமிட்டு உட்காராமல், காலை ஊன்றி நின்று வாசியுங்கள். ஸட்ஜம் நின்ற பிறகு பஞ்சமம். அதற்கப்புறம் தோடியின் காந்தாரத்தை அசைத்துப் பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.