பி.எட். படிக்க வீட்டில் வசதி இல்லை. உதவித்தொகையோ கடனோ ஏதாவது கிடைக்குமா?

தக்கலைப் பக்கம் ஊர், பி.எஸ்சி. முடித்தாயிற்று, அப்பா கேரளாவுக்குக் கட்டட வேலைக்குப் போகிறார் என்று மட்டும்தான் எழுதியிருக்கிறீர்கள். மீதியை என்னால் ஊகிக்க முடிகிறது. அப்பாவுக்கு வாரத்தில் எல்லா நாளும் வேலை இருக்காது, மழை வந்தால் அதுவும் போச்சு, வீட்டில் இன்னொரு பிள்ளை படித்துக்கொண்டிருக்கும், "பி.எட். எதுக்கு, ஏதாவது கடையில கணக்கு எழுதப் போ" என்று ஒரு மாமாவாவது சொல்லியிருப்பார். இந்தக் கேள்விக்கு ஏற்கெனவே ஒருவர், "வாத்தியார் ஆனதும் கை நிறைய சம்பளம் வாங்கப் போறீங்க, படிக்கிறப்பவே எதுக்கு உதவி?" என்று பதில் போட்டிருக்கிறார். அதைப் படித்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

நானும் கன்னியாகுமரி மாவட்டம்தான், குலசேகரம் பக்கம். அப்பா ரப்பர் வெட்டு, மரத்தைக் கீறிப் பால் எடுக்கிற வேலை. சொந்தத் தோட்டம் கிடையாது, கூலிக்கு வெட்டுகிறவர். விடியுமுன்னே தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு போவார், பால் எடுத்து ஷீட் அடித்துவிட்டு மத்தியானம் வீட்டுக்கு வருவார். அம்மா அண்டி ஆபீஸில் முந்திரி உடைக்கிற வேலை. அந்த எண்ணெய் பட்டு அம்மாவின் விரல் நுனியெல்லாம் கறுத்துப்போயிருக்கும், சோப்புப் போட்டுத் தேய்த்தாலும் போகாது. இந்த வருமானத்தில்தான் நான் 2017-ல் பி.எட். சேர்ந்தேன்.

பழைய ஆட்கள் இப்போதும் "பி.எட். ஒரு வருஷந்தானே" என்பார்கள். 2015-லிருந்து அது இரண்டு வருஷம். தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் 2014-ல் விதியை மாற்றியது. படிப்பு நீண்டால் பயிற்சி நன்றாக இருக்கும் என்பதை நான் மறுக்கவில்லை, பாடம் எடுக்கப் பழகியதே அந்த இரண்டாவது வருஷத்தில்தான். ஆனால் கூலி வீட்டுக்கு இன்னொரு வருஷம் என்றால் இன்னொரு வருஷக் கட்டணம், கூடவே இன்னொரு வருஷம் சம்பாதிக்காத ஒரு ஆள். அந்தச் செலவை யார் தாங்குவார்கள் என்று அந்த விதியில் ஒரு வரிகூட இல்லை.

பகுதி நேரமாக வேலை பார்த்துக்கொண்டு படித்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். வகுப்புக்கு 80 சதவீத வருகை வேண்டும், பள்ளிக்கூடத்தில் பயிற்சி எடுக்கும்போது 90 சதவீதம். இரண்டாம் வருஷத்தில் 16 வாரம் முழுக்க ஒரு பள்ளிக்கூடத்தில் இருக்க வேண்டும், காலை மணி அடிக்கும்போது உள்ளே நிற்க வேண்டும். வகுப்பில் பாடம் எடுப்பீர்கள், பரீட்சை பேப்பர் திருத்துவீர்கள், ஆசிரியர் லீவு போட்டால் அந்தப் பிள்ளைகளையும் பார்த்துக்கொள்வீர்கள். எங்களுக்கு அதற்கு ஒரு பைசா கிடையாது. ரெக்கார்டு நோட்டு, சார்ட், தெர்மோகோல், யூனிஃபார்ம் சேலை எல்லாம் நம் கையிலிருந்துதான். இங்கிலாந்தில் கணக்கு, இயற்பியல் ஆசிரியர் பயிற்சிக்குச் சேர்ந்தால் அரசாங்கமே 28,000 பவுண்டு வரை ஊக்கத்தொகை கொடுத்த வருஷம் உண்டு. அங்கே பயிற்சிக் கட்டணமும் உண்டுதான், ஒப்பிடக் கூடாது என்பீர்கள், சரி. ஆசிரியர் வேண்டும் என்றால் பயிற்சிக் காலத்திலேயே கைதூக்கிவிட வேண்டும் என்று ஒரு நாடு யோசித்திருக்கிறது என்பதற்காகத்தான் சொல்கிறேன்.

முதல் வருஷம் பாதி ஓடியபோது, 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் வந்தது. நம் மாவட்டத்துக்காரருக்கு நான் அதை விளக்க வேண்டியதில்லை. கடலுக்குப் போனவர்கள் பட்ட துயரத்துக்கு முன்னால் எங்கள் கதை ஒன்றுமே இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் மலையோரத்தில் என்ன நடந்தது என்று வெளியே அதிகம் பேருக்குத் தெரியாது. அப்பா வெட்டிக்கொண்டிருந்த தோட்டத்தில் மரங்கள் இடுப்பு உயரத்தில் முறிந்து ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. சில மரத்தில் பால் வடிகிற சிரட்டை அப்படியே கட்டியபடி இருந்தது, அதில் மழைத்தண்ணீர். ரப்பர் கன்று நட்டால் வெட்டுக்கு வர ஏழு வருஷம் ஆகும். நிவாரணத்துக்குத் தோட்டத்துச் சொந்தக்காரர் பெயரைக் கணக்கெடுத்துக்கொண்டு போனார்கள். கூலிக்கு வெட்டியவர் பெயரை எங்கள் பக்கம் யாரும் எழுதியதாகத் தெரியவில்லை. அந்த மாசம்தான் எனக்குக் காலேஜ் ஃபீஸ் கட்ட வேண்டிய மாசம்.

நான் நிறுத்திவிடுகிறேன் என்றேன். அப்பா, "மக்ளே, நீ படிச்சா மதி, மத்ததை நான் பாத்துக்கிடுதேன்" என்றார். அவர் பார்த்துக்கொள்ள அப்போது அவரிடம் ஒன்றும் இல்லை. அம்மாவின் செயின் கூட்டுறவு பேங்கில் நகைக்கடனுக்குப் போனது. மிச்சத்துக்குக் கல்விக் கடன் கேட்கலாம் என்று நானும் அப்பாவும் ஒரு வங்கிக் கிளைக்குப் போனோம். எந்த வங்கி என்று சொல்ல மாட்டேன், எல்லா வங்கியும் அப்படி என்றும் சொல்லவில்லை. அப்பா கல்யாண வீட்டுக்குப் போடுகிற வெள்ளைச் சட்டையைப் போட்டு வந்திருந்தார், எதிரே நாற்காலி இருந்தும் உட்காரவில்லை. அந்த அதிகாரி அப்பாவிடம் சாலரி சர்டிபிகேட் கேட்டார். வெட்டுக்காரருக்கு யார் சாலரி சர்டிபிகேட் தருவார்கள்? அப்புறம் என்னைப் பார்த்து, "பி.எட். முடிச்சவங்க வீட்டுக்கு நாலு பேர் சும்மா இருக்காங்க, நீ எப்படிக் கட்டுவ?" என்றார். அப்பா "சரி சார்" என்று சொல்லிவிட்டுத் திரும்பினார். அவர் அப்படிச் சொன்னதுதான் எனக்கு இன்றுவரை ஆறவில்லை. கேட்க உரிமை உள்ள ஒன்றைக் கேட்கப் போய், மன்னிப்புக் கேட்கிறவர் போல வெளியே வந்தார்.

உங்களுக்கும் இது நடக்கலாம், அதனால் விவரத்தைத் தெரிந்துகொண்டு போங்கள். நாலு லட்சம் ரூபாய் வரை கல்விக் கடனுக்குச் சொத்து ஜாமீன் கேட்கக் கூடாது, அப்பாவோ அம்மாவோ கூட்டாகக் கையெழுத்துப் போட்டால் போதும். அங்கீகாரம் உள்ள கல்லூரி என்றால் பி.எட். படிப்பும் அதில் வரும். வாயால் "இல்லை" என்று சொல்லி அனுப்புவதை ஏற்றுக்கொள்ளாதீர்கள். வித்யாலட்சுமி என்ற இணையதளத்தில் விண்ணப்பம் போட்டால் பதிவு இருக்கும், நிராகரித்தால் காரணம் எழுதிக் கேட்கலாம். நான் அதைப் போட்டுவிட்டு, நாகர்கோவில் கலெக்டர் ஆபீஸில் திங்கட்கிழமை நடக்கிற மக்கள் குறைதீர்க்கும் நாளில் ஒரு மனுவும் கொடுத்தேன். மனு, மாவட்டத்து வங்கிகளை ஒருங்கிணைக்கிற முன்னோடி வங்கி மேலாளரிடம் போனது. அப்புறம்தான் அதே கிளையிலிருந்து போன் வந்தது. கேட்டதில் ஒரு பகுதிதான் கிடைத்தது, அதுவும் தாமதமாக. ஆனால் கிடைத்தது.

வட்டி விஷயத்தில் கவனம். படிக்கிற காலமும் அதற்கு மேல் ஒரு வருஷமும் தவணை கட்ட வேண்டாம் என்பார்கள். ஆனால் வட்டி அது பாட்டுக்கு ஏறும். வீட்டு வருமானம் வருஷத்துக்கு 4.5 லட்சத்துக்குள் இருந்தால் அந்தக் காலத்து வட்டிக்கு ஒன்றிய அரசின் மானியம் உண்டு, அதற்குக் கல்லூரிக்கு நாக் (கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடுகிற அமைப்பு) தரச்சான்று இருக்கிறதா என்று பார்ப்பார்கள். அதனால் சேரும் முன்னாலேயே கல்லூரியில் அதைக் கேளுங்கள். மானியம் வராது என்றால் மாசாமாசம் வட்டியையாவது கட்டிவிடுங்கள். அம்மா மகளிர் சுயஉதவிக் குழுவில் வாங்கிய பணத்தில்கூட என் வட்டியைக் கட்டியிருக்கிறார்.

உதவித்தொகை என்றால், நீங்கள் எந்தப் பிரிவு என்று எழுதவில்லை. ஆதிதிராவிடர், பழங்குடியினர் என்றால் குடும்ப வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருந்தால் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை, அதாவது பத்தாம் வகுப்புக்கு மேல் படிப்பதற்கான உதவித்தொகை உண்டு. கிறித்தவ மதத்துக்கு மாறிய ஆதிதிராவிடருக்கும் தமிழ்நாடு அரசு கொடுக்கிறது. நம் மாவட்டத்தில் பல வீடுகளுக்கு இது பொருந்தும், ஆனாலும் நிறையப் பேர் நமக்குக் கிடையாது என்று நினைத்து விண்ணப்பிப்பதே இல்லை. மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்ந்தால் சிக்கல், அதைக் கையெழுத்துப் போடும் முன் கேளுங்கள். பிற்படுத்தப்பட்டோருக்கும் தனித் துறை இருக்கிறது. கல்லூரி அலுவலகத்தில் "கிடைக்குமா" என்று கேட்காதீர்கள், "போன வருஷம் எந்தெந்தப் பிரிவுப் பிள்ளைகளுக்கு வந்தது" என்று கேளுங்கள், அப்போதுதான் உண்மை வரும். மாதம் 1000 ரூபாய் வருகிற புதுமைப் பெண் திட்டம் அரசுப் பள்ளியிலோ அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியிலோ படித்துவிட்டு முதல் பட்டமோ பட்டயமோ படிக்கிறவர்களுக்கானது. பட்டம் முடித்துவிட்டு பி.எட். போகிறவர் அதை நம்பிக் கணக்குப் போட வேண்டாம்.

உங்கள் அப்பா கட்டட வேலை என்பதால் இதைக் கட்டாயம் பாருங்கள்: தமிழ்நாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் அவர் பதிவு செய்திருக்கிறாரா? பதிவு இருந்தால் பிள்ளைகள் படிப்புக்கு உதவித்தொகை உண்டு. கேரளாவுக்குப் போகிற அப்பாக்கள் பலர் இங்கே பதிவைப் புதுப்பிக்காமல் விட்டுவிடுகிறார்கள். வெட்டுத் தொழிலாளர் பிள்ளைகளுக்கு ரப்பர் வாரியத்தின் கல்வி உதவித்தொகை என்று ஒன்று இருந்ததை நானே படிப்பு முடிந்த பிறகுதான் கேள்விப்பட்டேன். தொழிலாளிக்கு வர வேண்டிய செய்தி தோட்டத்துச் சொந்தக்காரரோடு நின்றுவிடுகிறது.

நீங்கள் பெண்ணாக இருந்தால் ஒரு செலவு குறைந்திருக்கிறது. 2021 மே மாசத்திலிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் நமக்கு டிக்கெட் இல்லை. "ஓசி" என்று கேலி பேசுகிறவர்கள் பேசட்டும். என் சித்தப்பா மகள் இப்போது மார்த்தாண்டத்துக்குப் போய்ப் படிக்கிறாள், பஸ் காசு மிச்சமானதில்தான் அவளுடைய ரெக்கார்டு, சார்ட் செலவெல்லாம் ஓடுகிறது. நம் மாவட்டத்தில் அரசு பி.எட். கல்லூரி கிடையாது என்பதால் கட்டணத்துக்கு அடுத்தபடி பஸ் வசதியைப் பார்த்துக் கல்லூரியைத் தேர்ந்தெடுங்கள்.

இன்னொன்று. சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கத்தான் ஆசை என்றால் பி.எட். வேண்டாம். தொடக்கப் பள்ளி ஆசிரியர் வேலைக்கு பி.எட். தகுதி ஆகாது என்று 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது, டி.எல்.எட். என்கிற தொடக்கக் கல்விப் பட்டயப் படிப்புதான் வேண்டும். தேரூரில் அரசின் மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனம் இருக்கிறது, இந்த வருஷம் சேர்க்கை உண்டா என்று நேரில் போய்க் கேளுங்கள். கவிமணி பிறந்த ஊர், அவரும் வாத்தியார்தான்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், மனசு கேட்கவில்லை. படித்து முடித்து தகுதித் தேர்வும் பாஸான பிறகு, அரசு உதவி பெறும் ஒரு பள்ளியில் காலியிடம் என்று கேட்கப் போனேன். நிர்வாகத்தின் சார்பில் பேசியவர் சான்றிதழைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை, "எவ்வளவு புரட்ட முடியும்?" என்றார். அவர் சொன்ன தொகை என் கல்விக் கடனைப்போலப் பல மடங்கு. சம்பளம் அரசாங்கம் கொடுக்கிறது, அதாவது அண்டி ஆபீஸில் உடைக்கிற அம்மாவும் சோப்பு வாங்கும்போது கட்டுகிற வரியிலிருந்து வருகிறது, வேலைக்கு விலை மட்டும் வேறொருவர் வைக்கிறார். எல்லா நிர்வாகமும் அப்படி இல்லை, பணம் வாங்காமல் வேலை கொடுத்த பள்ளிகளில் என் தோழிகள் இருக்கிறார்கள். ஆனால் "உதவி எதற்கு" என்று கேட்டவர் இந்தக் கடைசிக் கட்டணத்தையும் தெரிந்துகொண்டு பேச வேண்டும். நான் திரும்பி வந்து தனியார் பள்ளியில் சேர்ந்தேன், சம்பளத்தில் பெரும்பகுதி கடன் தவணைக்குப் போனது. இப்போது போட்டித் தேர்வு எழுதி அரசுப் பள்ளியில் கணக்கு எடுக்கிறேன். "அதான் வேலை கிடைச்சாச்சே" என்று சொல்ல வருகிறவர்களுக்கு: என்னோடு முதல் வருஷம் உட்கார்ந்திருந்த, என்னைவிட நன்றாகப் பாடம் எடுத்த ஒரு பிள்ளை ஒக்கிக்குப் பிறகு திரும்பி வரவே இல்லை. அவளுக்கும் மனு எழுதிக் கொடுக்க ஒரு ஆள் இருந்திருந்தால் அவளும் இன்றைக்கு டீச்சர்.

வருமானச் சான்றிதழுக்கு இந்த வாரமே இ-சேவை மையத்தில் போடுங்கள், சேர்க்கை நேரத்தில் கூட்டம் தாங்காது. ஆதாரோடு இணைந்த வங்கிக் கணக்கு உங்கள் பெயரிலேயே இருக்கட்டும், உதவித்தொகை நேராக அதற்குத்தான் வரும். எந்தக் கல்லூரி, எந்தப் பிரிவு என்று எழுதுங்கள். கடன் மனுவில் என்ன எழுத வேண்டும் என்று நான் எழுதியதையே உங்களுக்கு அனுப்புகிறேன், பெயரை மாற்றிக்கொண்டால் போதும்.