கலெக்டர் கையெழுத்து ஒன்று போதுமா? சூட்டிங் அனுமதி பற்றி வாசகர் கேள்விகள்

இந்த முறை தென்காசிப் பக்கத்துக் கடிதங்களாகவே எடுத்துக்கொண்டேன். அருவி, காடு, வயல், ரயில், கோயில் எல்லாம் அரை மணி நேரத் தூரத்துக்குள் இருக்கிற மாவட்டம் என்பதால் படமெடுக்கிறவர்களுக்குத் தலைவலியும் அங்கேதான் அதிகம்.

நண்பர்கள் சேர்ந்து அரை மணி நேரக் குறும்படம் எடுக்கிறோம். சுந்தரபாண்டியபுரம் சூரியகாந்தி வயல், குற்றாலம் அருவி, செங்கோட்டை ரயில் நிலையம், மலையடிவாரம் என்று நான்கு இடம். மாவட்டம் முழுவதுக்கும் ஒரே அனுமதி வாங்கிவிடலாம் என்று கலெக்டர் ஆபீஸ் போனால், "எந்த இடம், எந்தத் துறை" என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அப்படி ஒரு பேப்பர் கிடையவே கிடையாதா?
*கடையநல்லூரிலிருந்து ஒரு வாசகர்*

கிடையாது தம்பி. உங்களைத் திருப்பி அனுப்பியவர் கேட்டதுதான் சரியான கேள்வி. அனுமதி என்பது மாவட்டத்துக்குத் தருவது இல்லை, இடத்துக்குத் தருவது. அந்த இடம் யாருடையதோ அவர்தான் முதலில் சரி சொல்லணும், கலெக்டர், போலீஸ் எல்லாம் அதற்கு அப்புறம். இதைத் தலைகீழாகச் செய்வதால்தான் பாதிப் பேர் அலைகிறார்கள்.

உங்கள் நான்கு இடத்தையே பார்ப்போம். சூரியகாந்தி வயல் பட்டா நிலம். அதற்கு வயல்காரர் சம்மதம் போதும், குத்தகைக்கு விட்டிருந்தால் குத்தகைக்காரரிடமும் பேசணும், ஏனென்றால் மிதிபடுகிற பயிர் அவருடையது. ஜூலை, ஆகஸ்டில்தான் பூ, அதை விட்டால் வெறும் தட்டைதான் நிற்கும், அதனால் தேதியை முதலில் வயல்காரரிடம் கேளுங்கள், கேமராமேனிடம் அப்புறம் கேட்கலாம். வயலுக்குப் பக்கத்தில் பாறை, குளத்தங்கரை என்று ஏதாவது கண்ணில் பட்டு "இங்கேயும் ரெண்டு ஷாட்" என்று தோன்றும், தோன்றாமல் இருக்காது. அது பட்டாவா புறம்போக்கா என்று வி.ஏ.ஓ.விடம் ஊர் நிலக் கணக்கான அ-பதிவேட்டில் பார்க்கச் சொல்லுங்கள், சர்வே நம்பர் தெரிந்தால் அரசின் இ-சர்வீசஸ் தளத்தில் நீங்களே பார்க்கலாம். புறம்போக்கு என்றால் வருவாய்த் துறை, குளம் என்றால் நீர்வளத் துறையோ ஊராட்சியோ.

குற்றாலம் கொஞ்சம் சிக்கல். "குற்றாலம்" என்று ஒற்றைச் சொல்லில் மனு எழுதினால் யாருக்கும் புரியாது. பேரருவி பேரூராட்சி எல்லை, செண்பகாதேவி அருவி காட்டுக்குள், அதாவது வனத் துறை. எந்த அருவி, அருவியின் எந்தப் பக்கம் என்று எழுதுங்கள். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை சீசனில் பேரருவிப் பக்கம் கேமரா வைக்க இடம் கேட்பதே வீண், நிற்கவே இடம் இருக்காது. 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளத்தில் ஒரு சிறுவன் இறந்த பிறகு தண்ணீர்ப் பக்கம் எதற்கும் அதிகாரிகள் யோசித்துத்தான் கையெழுத்துப் போடுவார்கள், போடணும். அருவி கட்டாயம் வேண்டுமா, இல்லை தண்ணீர்ச் சத்தம் கேட்கிற ஒரு வாய்க்கால் போதுமா என்று கதையை ஒருமுறை பாருங்கள்.

செங்கோட்டை ஸ்டேஷன் மத்திய அரசு சொத்து. கலெக்டருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, ஸ்டேஷன் மாஸ்டர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் அவராலும் அனுமதி தர முடியாது. தெற்கு ரயில்வேயின் மக்கள் தொடர்புப் பிரிவு வழியாகப் போகணும், கட்டணம், இன்சூரன்ஸ் என்று வரும். "நாலு பேர்தானே, பிளாட்பார டிக்கெட் எடுத்து உள்ளே போய் எடுத்துவிடுவோம்" என்று யாராவது ஐடியா கொடுப்பார்கள். தண்டவாளத்தில் இறங்கினால் ரயில்வே சட்டம் 147-வது பிரிவு, ஆறு மாதம் வரை சிறை அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், இரண்டும் சேர்ந்தும் வரலாம். குறும்பட பட்ஜெட்டுக்கு ரயில் காட்சியை மினி பஸ் காட்சியாக மாற்றி எழுதுவது உத்தமம். மினி பஸ் ஓனரிடம் பேசினால் டிரிப் இல்லாத நேரத்தில் வண்டி தருவார்.

மலையடிவாரத்தைக் கடைசியாகச் சொல்கிறேன், ஏனென்றால் பெரிய கம்பெனிகளே மாட்டுகிற இடம் அது. 2023 ஏப்ரலில் மத்தளம்பாறைப் பக்கம் ஒரு பெரிய படத்தின் வேலை நடந்துகொண்டிருந்தபோது, முறையான அனுமதி இல்லை என்று மாவட்ட நிர்வாகம் நிறுத்திய செய்தி எல்லாப் பேப்பரிலும் வந்தது. களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்தை ஒட்டிய பகுதி அது. வெடிச் சத்தம், ராத்திரி வெளிச்சம் என்று புகார் கிளம்பியிருந்தது. அப்புறம் அனுமதி வாங்கித்தான் தொடர்ந்தார்கள். ஆகவே இடம் பட்டாவாகவே இருந்தாலும் காட்டை ஒட்டியிருந்தால் வனச்சரகர் அலுவலகத்தில் ஒரு வார்த்தை எழுத்தில் கேட்டுவிடுங்கள். சரணாலய எல்லைக்குள் என்றால் கதையே வேறு: 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி தலைமை வன உயிரினக் காப்பாளர் அனுமதி வேண்டும், வாழிடத்தில் எந்த மாற்றமும் செய்யாமல், விலங்குகளுக்குப் பாதிப்பு இல்லாமல் எடுப்பதற்கு மட்டும்தான் தருவார்கள். செட் போடுவது, ஜெனரேட்டர் ஓட்டுவது எல்லாம் மறந்துவிடுங்கள்.

சரி, கலெக்டர் ஆபீஸுக்குப் போகவே வேண்டாமா என்றால், போகணும், ஆனால் சரியான அறைக்கு. அங்கே மாவட்ட செய்தி மக்கள் தொடர்பு அலுவலர் இருப்பார். அரசு இடங்களில் படமெடுக்க ஒற்றைச் சாளர முறை வைத்திருப்பது அவருடைய துறைதான், அவரைப் பார்த்தால் உங்கள் பட்டியலில் எது அந்த வழியில் போகும், எது போகாது என்று பிரித்துச் சொல்லிவிடுவார். கையில் எடுத்துப்போக வேண்டியது: ஒரு பக்கக் கதைச்சுருக்கம், இடம் வாரியாகத் தேதியும் நேரமும், ஆட்கள் எத்தனை, வண்டி எத்தனை, என்னென்ன கருவி, பொறுப்பானவர் ஒருவருடைய அடையாள அட்டை நகலும் போன் நம்பரும். இதே காகிதக் கட்டை லோக்கல் போலீஸ் ஸ்டேஷனிலும் ஒன்று கொடுத்து நகலில் சீல் வாங்கிக்கொள்ளுங்கள். ரோட்டை மறிப்பதாக இருந்தால் ஸ்டேஷனோடு முடியாது, எஸ்.பி. அலுவலகம் வரை போகும்.

எங்கள் குடும்பத்துப் பழைய வீட்டையும் தோப்பையும் ஒரு படக் கம்பெனி கேட்கிறது. வாடகை நன்றாகப் பேசுகிறார்கள். எழுத்தில் என்ன வாங்க வேண்டும்?
*இலஞ்சியிலிருந்து ஒரு வாசகி*

முதலில் ஒரு கேள்வி அம்மா, வீடு உங்கள் பெயரில் மட்டும் இருக்கிறதா? பங்காளிகள் பெயரும் சேர்ந்து இருந்தால் எல்லோருடைய கையெழுத்தும் வாங்குங்கள். காரைக்குடிப் பக்கம் பெரிய வீடுகளில் இதுதான் வழக்கம், சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருக்கிற பங்காளிவரை சம்மதம் கேட்பார்கள். கேட்காமல் விட்டால் சூட்டிங் நடக்கிற அன்றைக்கு வாசலில் ஒரு சித்தப்பா வந்து நிற்பார்.

ஒப்பந்தத்தில் வாடகையை மட்டும் எழுதாதீர்கள், நேரத்தையும் எழுதுங்கள். "ஒரு நாள்" என்றால் காலை ஆறிலிருந்து மாலை ஆறா, மறுநாள் விடிய விடியவா என்று முதலிலேயே பேசாவிட்டால் பிற்பாடு சண்டைதான். செட் போடுவதற்கும் பிரிப்பதற்கும் ஆகிற நாட்களுக்குப் பாதி வாடகையாவது கேளுங்கள், கொடுப்பார்கள். சுவரில் பெயின்ட் அடிக்கலாமா, ஆணி அடிக்கலாமா, மரத்தை வெட்டலாமா, மோட்டார் தண்ணீரும் கரண்டும் யார் கணக்கு, கேரவனும் ஜெனரேட்டர் வண்டியும் எங்கே நிற்கும், எந்த அறைக்குள் யாரும் போகக் கூடாது, இதெல்லாம் எழுத்தில் வரட்டும். சேதத்துக்குத் தனியாக ஒரு டெபாசிட். அப்புறம் அவர்கள் வருவதற்கு முன்னால் வீடு முழுக்க உங்கள் போனில் ஒரு வீடியோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், தேதி தெரிகிற மாதிரி. ஆத்தங்குடிக் கல் மாதிரியான தரை என்றால் ட்ராலி தண்டவாளத்துக்கு அடியில் பலகையும் கம்பளமும் போடச் சொல்லுங்கள், உடைந்த கல்லுக்கு அதே டிசைனில் இன்னொரு கல் கிடைப்பது லேசில்லை. பணத்தை? கடைசி நாள் சூட்டிங் தொடங்குவதற்கு முன் முழுதாக வாங்கிவிடுங்கள். "படம் ரிலீஸ் ஆனதும்" என்ற பேச்சே வேண்டாம்.

கதாநாயகன் ஒன்பது வயதுப் பையன். அப்பா அம்மா கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். போதும்தானே?
*சங்கரன்கோவிலிலிருந்து ஒரு வாசகர்*

போதாது. கலெக்டர் கையெழுத்து நிஜமாகவே வேண்டிய இடம் இதுதான், ஆனால் இதைத்தான் யாரும் கேட்பதில்லை. குழந்தைத் தொழிலாளர் சட்டத்தில் 2016 திருத்தத்துக்குப் பிறகு 2017-ல் வந்த விதிகளின்படி, பதினான்கு வயதுக்குக் கீழ் உள்ள குழந்தையை நடிக்க வைக்க, நடிப்பு நடக்கிற மாவட்டத்தின் மாஜிஸ்திரேட்டிடம், அதாவது கலெக்டரிடம், தயாரிப்பாளர் அனுமதி வாங்க வேண்டும். ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது, தொடர்ந்து மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓய்வில்லாமலும் கூடாது. தொடர்ச்சியாக 27 நாளைத் தாண்டக் கூடாது. சம்பளத்தில் குறைந்தது 20 சதவீதம் குழந்தையின் பெயரில் வங்கியில் போட வேண்டும். "நண்பனின் தம்பிதான் சார், சம்பளமே கிடையாது" என்று சொல்லித் தப்பிக்கப் பார்ப்பதைவிட ஒரு மனு எழுதுவது சுலபம். பள்ளிக்கூடம் லீவு நாட்களில் கால்ஷீட் வைத்தால் பையனுக்கும் நிம்மதி, உங்களுக்கும் நிம்மதி.

என் ட்ரோன் 249 கிராம்தான். அனுமதியே வேண்டாம் என்று கடைக்காரர் சொன்னார்.
*ஆலங்குளத்திலிருந்து ஒரு வாசகர்*

கடைக்காரர் பாதி சொல்லியிருக்கிறார். 2021 ட்ரோன் விதிகளில் 250 கிராம் வரை உள்ளதை ஓட்ட ரிமோட் பைலட் சான்றிதழ் வேண்டாம், அது உண்மை. ஆனால் பறக்கத் தடையோ கட்டுப்பாடோ உள்ள சிவப்பு மண்டலம், மஞ்சள் மண்டலம் என்பது எடையைப் பார்த்து ஒதுங்காது, எவ்வளவு சின்னதாக இருந்தாலும் அங்கே முன் அனுமதி வேண்டும். பச்சை மண்டலத்திலும் 400 அடிதான் உச்சம். திருவிழா, பெரிய தலைவர் வருகை என்றால் எஸ்.பி. நிலையில் உள்ள அதிகாரி ஓர் இடத்தை 96 மணி நேரம் வரைக்கும் தற்காலிகச் சிவப்பு மண்டலமாக்கலாம், நேற்று பறந்த இடத்தில் இன்று பறக்க முடியாமல் போகும். கிளம்பும்போது ட்ரோன் மண்டல மேப்பைப் பாருங்கள். காட்டுக்கு மேலே விடவே விடாதீர்கள், அதற்கு வனத் துறை தனியாகக் கேட்கும்.

தென்காசி காசி விஸ்வநாதர் கோயில் கோபுரம் பின்னணியில் வருகிற மாதிரி ஒரு பாட்டு. கோயிலுக்குள் அனுமதி கிடைக்குமா?
*அச்சன்புதூரிலிருந்து ஒரு வாசகர்*

உள்ளே? கிடைப்பது ரொம்பக் கஷ்டம். அறநிலையத் துறை கோயில், ஆணையர் வரை போகணும். கோயில்களுக்குள் செல்போனையே தடை செய்யச் சொல்லி 2022 டிசம்பரில் மதுரைக் கிளை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது நினைவிருக்கும். பாட்டு என்றால் எந்த அதிகாரியும் தயங்குவார், ஆடை, ஆட்டம் என்று நாளைக்கு யாராவது புகார் கொடுப்பார்கள் என்ற பயம். ஆனால் கோபுரம் மட்டும்தானே வேண்டும், அது தெருவிலிருந்தே தெரிகிறது. தெரு நகராட்சி, கூட்டம் கூடினால் போலீஸ். இல்லையா, ஒரு மாடி வீட்டுக்காரரிடம் பேசி மொட்டை மாடியில் கேமரா வையுங்கள், அருமையான ஃபிரேம் கிடைக்கும்.

செல்போனில் எடுக்கிறேன், ஆள் நானும் என் தங்கச்சியும்தான். எனக்குமா இதெல்லாம்?
*சுரண்டையிலிருந்து ஒரு வாசகி*

பொதுத் தெருவில், யாருக்கும் இடைஞ்சல் இல்லாமல் என்றால் யாரும் கேட்க மாட்டார்கள். தனியார் இடம், காடு, ரயில், கோயில் என்றால் உங்களுக்கும்தான்.

செங்கோட்டையிலிருந்து பக்கம்தானே, பதிமூன்று கண் பாலத்தில் ஒரு சீன் எடுக்க நம்ம கலெக்டரிடமே கேட்டுவிடலாமா?
*புளியரையிலிருந்து ஒரு வாசகர்*

புளியரையில் இருந்துகொண்டு இதைக் கேட்கலாமா! புளியரை தாண்டினாலே கேரளம், அந்தப் பாலம் இருப்பது கொல்லம் மாவட்டத்தில். பாலம் ரயில்வேயுடையது, சுற்றுவட்டாரத்துக்கும் போலீஸுக்கும் கேரளத்து ஆட்கள். கீழே ரோட்டிலிருந்து பாலத்தைப் பார்க்கிற மாதிரி வைத்தால் வேலை பாதியாகக் குறையும்.

எல்லா அனுமதியும் வாங்கிவிட்டோம். ஆனால் ஊரில் சிலர் கோயில் கொடைத் திருவிழாவுக்குப் பணம் கொடுத்தால்தான் கேமரா இறங்கும் என்கிறார்கள். கொடுக்கணுமா?
*ஊர்ப் பெயர் வேண்டாம் என்ற வாசகர்*

சட்டப்படி வேண்டாம். அடாவடி என்றால் போலீஸில் சொல்லலாம், அனுமதிக் கடிதம் இருப்பதால் வருவார்கள். ஆனால் போலீஸ் காவலோடு ஒரு கிராமத்தில் படம் எடுத்து ஒரு காட்சிகூட உருப்படியாக வராது என்பது என் அபிப்பிராயம், பின்னணியில் நிற்கிற ஒவ்வொரு முகமும் முறைத்துக்கொண்டிருக்கும். சூட்டிங்குக்கு ஒரு வாரம் முன்னால் போய் ஊர்ப் பெரியவர்களிடம் உட்கார்ந்து பேசுங்கள். எந்தத் தெரு, எத்தனை மணி வரை, ராத்திரி பத்துக்கு மேல் ஒலிபெருக்கி கிடையாது (அது எப்படியும் விதி), குழாயடியை மறிக்க மாட்டோம் என்று சொல்லுங்கள். சாப்பாட்டை அந்த ஊர்ப் பெண்களிடமே சமைக்கச் சொல்லுங்கள், ஆட்டோ, வேன், கூட்டத்தில் நிற்கிற ஆட்கள் எல்லாம் அங்கேயே எடுங்கள். கொடைக்குக் கொடுப்பதானால் தனி ஆள் கையில் கொடுக்காமல் வரி பிரிக்கிற நோட்டில் எழுதி ரசீதோடு கொடுங்கள். கேட்டவர்களில் யார் உண்மையிலேயே கொடைக்குக் கேட்டார், யார் சும்மா கேட்டார் என்பது ரசீது என்றதும் தெரிந்துவிடும்.

போலீஸ் வேஷத்துக்கு யூனிஃபார்ம் வாடகைக்கு எடுத்திருக்கிறோம். பிரச்சினை வருமா?
*பாவூர்சத்திரத்திலிருந்து ஒரு வாசகர்*

நடிக்கும்போது வராது. போலீஸுக்குக் கொடுக்கிற மனுவில் "காவலர் வேடம், டம்மி துப்பாக்கி" என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். ஷாட் முடிந்ததும் சட்டையை மாற்றச் சொல்லுங்கள். அதே உடுப்போடு பைக்கில் டீக்கடைக்குப் போகிற நடிகரைத்தான் ரோந்து வண்டி நிறுத்தும்.