அசற்றிக் அமில நியமிப்பில் முடிவுப்புள்ளியில் பிஎச் ஏன் 7 இல்லை?

இரண்டாம் செமஸ்டரில் பலர் சறுக்கும் இடம் இது. நியமிப்பு என்றால் அமிலத்தில் காரத்தை அளந்து சேர்ப்பது; அமிலம் சரியாக முடியும் இடம்தான் இங்கே முடிவுப்புள்ளி. பிஎச் என்பது அமில, கார அளவு; 7 நடுநிலை, அதற்கு மேல் காரம். 0.1 மோலர் அசற்றிக் அமிலம் 25 மி.லீ.; அதே செறிவில் சோடியம் ஐதரொட்சைட்டு 25 மி.லீ. சேர்த்ததும் அமிலம் முடிந்துவிடும். மிஞ்சுவது அசற்றேற்று அயன். அது நீரிடம் புரோத்தனை வாங்கி ஐதரொட்சைட்டை விடுகிறது, அதனால்தான் காரத்தன்மை.

கனவளவு இப்போது 50 மி.லீ., ஆகவே செறிவு 0.05. இதை மறந்து 0.1 போட்டால் பிஎச் 8.87 வரும், சரியான விடை 8.72. அசற்றேற்றின் கார மாறிலி (காரமாக அதன் வலிமையைச் சொல்லும் எண்) 5.6 × 10⁻¹⁰, அதை 0.05ஆல் பெருக்கி வர்க்கமூலம் எடுங்கள், ஐதரொட்சைட்டுச் செறிவு 5.3 × 10⁻⁶. அதன் மறை மடக்கை 5.28; 14இலிருந்து கழித்தால் பிஎச் 8.72.

காட்டி (நிறம் மாறி முடிவைக் காட்டும் சாயம்) பினோத்தலீன்தான். மெதயில் செம்மஞ்சள் என்ற காட்டி பிஎச் 4.4க்குள்ளேயே நிறம் மாறி முடித்துவிடும், அப்போது பாதி அமிலம்கூட நடுநிலையாகியிருக்காது.

(7 நடுநிலை என்பதும் 25 பாகைக்குத்தான். குளிரூட்டி இல்லாத கொழும்பு ஆய்வுகூடத்தில் 30 பாகை என்றால் அது ஏறத்தாழ 6.92.)