மழையில் ஒரு கொட்டாரம் – கடிதம்

அன்புள்ள ஐயா,

காலாண்டு விடுமுறைக்குக் குழந்தைகளோடு கன்னியாகுமரி வந்தோம். வந்த அன்றைக்கே மழை. விவேகானந்தர் பாறைக்குப் படகு விடவில்லை. சரி, நாள் வீணாக வேண்டாம் என்று தக்கலைக்குப் போய் பத்மநாபபுரம் அரண்மனையைப் பார்த்தோம். ஏமாற்றம்தான். மதுரைக்காரர்களுக்கு அரண்மனை என்றால் திருமலை நாயக்கர் மகால். இங்கே ஒரே இருட்டு, தாழ்ந்த கூரை, ஒடுக்கமான மரப்படிகள். என் கணவர் இரண்டு தடவை தலையை இடித்துக்கொண்டார். "இது ராஜா வீடா, தாத்தா வீடா?" என்று மகள் கேட்டாள். தமிழ்நாட்டுக்குள் இருப்பதைக் கேரள அரசு ஏன் பார்த்துக்கொள்கிறது என்பதும் புரியவில்லை. நாங்கள் எதையாவது கவனிக்காமல் வந்துவிட்டோமா?

மதுரையிலிருந்து ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் உங்கள் மகளுக்கு ஒரு சபாஷ். அது வீடுதான். அதன் மிகப் பழைய பகுதியான தாய்க்கொட்டாரம் ஒரு நாலுகட்டு வீடு. சுற்றிலும் தாழ்வாரம், நடுவில் வானம் தெரியும் முற்றம். எங்கள் பக்கத்து வசதியான குடும்பங்கள் இருந்த வீடுகளும் இதே அமைப்புதான். திருவிதாங்கூர் ராஜா மார்த்தாண்ட வர்மா 18ஆம் நூற்றாண்டில் அதை விரித்துக் கட்டி, கல்குளம் என்ற ஊருக்குப் பத்மநாபபுரம் என்று பெயர் வைத்தார். 1795இல் திருவிதாங்கூரின் தலைநகர் இங்கிருந்து திருவனந்தபுரத்துக்குப் போனது. அரண்மனையை நாங்கள் இன்றும் கொட்டாரம் என்றுதான் சொல்வோம்.

மழையில் போனதால் கெட்டது என்று நினைக்கிறீர்கள். நான் மழை நாளாகப் பார்த்துத்தான் போவேன். குமரி மாவட்டத்துக்கு இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழையும் உண்டு, ஐப்பசி மழையும் உண்டு. வேளிமலை அடிவாரத்தில் இருந்துகொண்டு மரத்தில் வீடு கட்டுகிற ஆசாரிக்கு, எதிரியின் படையைவிட மழைதான் பெரிய கவலையாக இருந்திருக்கும். அதனால்தான் ஓட்டுக்கூரை அவ்வளவு சரிவு. இறவாரம் அவ்வளவு கீழே இறங்கி நிற்கிறது. பல இடங்களில் சன்னலுக்குப் பதில் மரஅழிகள். சாரல் உள்ளே வராது, காற்று வரும். உள்ளே இருப்பவர் தெருவைப் பார்க்கலாம், தெருவில் போகிறவருக்கு அவர் தெரியமாட்டார். நாயக்கர் மகால் வெயிலுக்குக் கட்டியது, அங்கே உயரம் வேண்டும். இங்கே உயரம் வைத்தால் சாரல் அடிக்கும். உங்கள் கணவரின் தலைக்கு என் வருத்தங்கள்.

இருட்டைப் பற்றிச் சொன்னீர்கள். ராஜா ஆலோசனை நடத்திய மந்திரசாலையில் சன்னல்களுக்கு வண்ண மைக்கா பதித்திருப்பதைப் பார்த்தீர்களா? மேகமூட்டமான நாளில் அந்த மங்கல் வெளிச்சம் கறுப்புத் தரையில் விழுந்து திரும்புவதை நின்று பார்க்க வேண்டும். சுண்ணாம்பு, சிரட்டைக்கரி, முட்டை வெள்ளைக்கரு எல்லாம் சேர்த்துத் தேய்த்த தரை என்பார்கள். வழிகாட்டி மருந்துமரங்களால் செய்த ராஜா கட்டில், சீனச் சாடி என்று இழுத்துக்கொண்டு போய்விடுவார். பூமுகத்தின், அதாவது வாசல் மண்டபத்தின் கூரையில் செதுக்கிய 90 வகைப் பூக்களை எண்ணவும் விடமாட்டார்.

ஒரு ஆடி மாதம் என் அத்தையைக் கூட்டிக்கொண்டு போனேன். அவள் வீட்டுக் கூரை ஒழுகிக்கொண்டிருந்த வருஷம். ராஜா கட்டிலை அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தாய்க்கொட்டாரத்துத் தாழ்வாரத்தில் நின்று, நாலு பக்கமும் ஓட்டிலிருந்து முற்றத்தில் விழும் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இவ்வளவு தண்ணியும் எங்க மக்கா போவுது?" என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. அதுவரை எத்தனையோ தடவை போயிருக்கிறேன், அந்தக் கேள்வி எனக்குத் தோன்றியதே இல்லை.

கேரள விஷயம் சின்னது. 1956 நவம்பர் 1ஆம் தேதி, அதுவரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்த கல்குளம், விளவங்கோடு, தோவாளை, அகஸ்தீஸ்வரம் தாலுகாக்கள் தமிழ்நாட்டோடு சேர்ந்தன. கொட்டாரம் மட்டும் கேரளத்தின் பொறுப்பில் நின்றுவிட்டது. இங்கே யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. நவராத்திரிக்கு வருஷாவருஷம் இங்கிருந்து சரஸ்வதி அம்மன் ஊர்வலமாகத் திருவனந்தபுரம் போய்த் திரும்பி வருகிறாள்.

பிள்ளைகளுக்குக் கோட்டைதான் வேண்டும் என்றால், பக்கத்திலேயே புலியூர்க்குறிச்சியில் உதயகிரிக் கோட்டை இருக்கிறது. 1741இல் குளச்சல் போரில் பிடிபட்ட டச்சுப் படைத்தலைவன் டிலனாய், பிறகு மார்த்தாண்ட வர்மாவுக்கே படை பழக்கினான். 1777இல் இறந்தான். கோட்டைக்குள் கூரை போன ஒரு சிற்றாலயத்தில் அவன் கல்லறை இருக்கிறது, கல்லில் தமிழிலும் லத்தீனிலும் எழுதியிருக்கிறார்கள். மழை விட்டபிறகு போங்கள்.

அப்புறம், கொட்டாரத்துக்குத் திங்கட்கிழமை விடுமுறை. ஒருமுறை இதை மறந்து வெளியூர் விருந்தாளிகளைக் கொட்டும் மழையில் கூட்டிக்கொண்டு போய், பூட்டிய வாசலில் குடையோடு நின்றேன். கடைசியில் தக்கலையில் ஆளுக்கு இரண்டு ரசவடை வாங்கிக் கொடுத்துச் சமாளித்தேன்.