புகைப்பதை விட்டேன், புகைக்க விட்டேன்

அன்புள்ள ஐயா,

ஊட்டியில் ஒரு தங்கும் விடுதியின் வரவேற்பில் இருக்கிறேன். சீசனில் தங்கியிருந்த ஒருவர் மொபைலில் கூப்பிட்டு, 'ஐ காட் அவுட் ஆஃப் த மீட்டிங்' என்றார். குன்னூரில் கூட்டம். முடிந்து வெளியே வந்துவிட்டார் போல என்று, 'வண்டி அனுப்பட்டுமா சார்?' என்றேன். சிரித்துவிட்டார். கூட்டத்துக்கே போகவில்லையாம், மாடி அறையில்தான் இருந்தார். 'கிவ் அப்', 'பேக் அவுட்' எல்லாமே இப்படித்தான் காலை வாருகின்றன. எப்படிப் பிடிபடும்?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதம் வந்து மூன்று வாரம். நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போட்டேன். அது 'புட் ஆஃப்'.

உங்கள் விருந்தினர் செய்ததற்கு நம்மிடம் நல்ல சொல் இருக்கிறது: கழன்றுகொள்வது. பந்தி பரிமாற ஆள் தேடும்போது ஒரு சித்தப்பா கழன்றுகொள்வாரே, அதேதான். 'பேக் அவுட்' வேறு. அதற்கு முதலில் தலையாட்டியிருக்க வேண்டும். வருகிறேன் என்றுவிட்டுக் கடைசி நேரத்தில் பின்வாங்குவது. 'ரிகில் அவுட் ஆஃப்' என்றால் விலாங்கு மீன் மாதிரி நெளிந்து நழுவுவது. திடீர் வயிற்றுவலிக்காரர்களை நினைத்துக்கொள்ளுங்கள்.

இனி பழக்கத்தை விடுவது, அதாவது 'கிவ் அப்'. 'கிவ் அப்' பக்கத்தில் 'டு ஸ்மோக்' வராது, 'ஸ்மோக்கிங்'தான் வரும். மனப்பாடம் வேண்டாம், தமிழில் சொல்லிப் பாருங்கள். 'புகைப்பதை விட்டேன்' என்றால் பழக்கம் போயிற்று. 'புகைக்க விட்டேன்' என்றால்? வினையின் வால் மாறியதும் பீடி வேறொருவர் கைக்குப் போய்விட்டது. நான் அனுமதி கொடுத்தவன் ஆகிவிட்டேன். ஆங்கிலத்திலும் வால்தான் முக்கியம். 'ஸ்டாப் ஸ்மோக்கிங்' என்றால் நிறுத்துவது. 'ஸ்டாப் டு ஸ்மோக்' என்றால் செய்கிற வேலையை நிறுத்திவிட்டுப் பற்றவைப்பது. டாக்டரிடம் மாற்றிச் சொல்லிவிடாதீர்கள்.

'இட்' சேர்த்தால் 'கிவ் இட் அப்' என்று நடுவில் உட்காரும். 'கெட் அவுட் ஆஃப் இட்'டில் கடைசிக்குப் போய்விடும். இது காதுக்குப் பழக வேண்டியது, அவ்வளவுதான்.

அப்புறம், 'கட் டவுன்' குறைப்பது, 'கட் அவுட்' அடியோடு நிறுத்துவது. நமக்கு கட்-அவுட் என்றால் தியேட்டர் வாசலும் பாலாபிஷேகமும்தான் நினைவுக்கு வரும், என்ன செய்ய!

நானும் டீயைக் குறைத்துக்கொண்டிருக்கிறேன், ஏழிலிருந்து மூன்றுக்கு. கோத்தகிரியில் வீட்டுக்குக் கீழேயே தேயிலை ஃபேக்டரி. ராத்திரியில் இலை உலரும் வாசனை சன்னல் இடுக்கு வழியாக வரும். நேற்று பதினோரு மணிக்கு எழுந்துபோய்ப் பால் சுடவைத்தது நாலாவது டம்ளருக்கு.