கார் இல்லாமல் இரண்டு நாள்: ஹெம்ஸ்லி, ரீவோ, சட்டன் பேங்க்

இங்கிலாந்தில் ஒரு கிராமப்புற ஊரில் தங்கி, கார் இல்லாமல், பழைய கட்டடங்களையும் நல்ல நடைபாதைகளையும் இரண்டு முழு நாளில் பார்க்க எந்த ஊர் தோது என்று கேட்டிருக்கிறீர்கள். என் பதில், வடக்கு யார்க்ஷரில் நார்த் யார்க் மூர்ஸ் தேசியப் பூங்காவின் தெற்கு ஓரத்தில் இருக்கும் ஹெம்ஸ்லி.

காரணம் அழகு மட்டுமில்லை. அழகான ஊர் அந்த நாட்டில் நிறைய உண்டு. இங்கே கோட்டை, மடாலயம், மேலே மலைவிளிம்பில் உள்ள புல்வெளி மூன்றும் ஒரே எஸ்டேட்டின் கதை. 12-ஆம் நூற்றாண்டில் ஹெம்ஸ்லிக் கோட்டையைத் தொடங்கிய வால்டர் எஸ்பெக்தான் 1132-இல் ரீவோ மடாலயத்துக்கு இடம் கொடுத்தார். 1538-இல் எட்டாம் ஹென்றி மடாலயத்தை மூடியபோது அதை வாங்கிப் பிரித்துப்போட்டவர் ரட்லண்ட் பிரபு. அப்போது ஹெம்ஸ்லிக் கோட்டையும் அவருடையதுதான். பிறகு எஸ்டேட்டை வாங்கிய டன்கோம் குடும்பம், அந்த இடிபாட்டை மேலிருந்து ரசிக்கவே 1750-களின் கடைசியில் ரீவோ டெரஸ் என்ற அந்த மலைவிளிம்புப் புல்வெளியை அமைத்தது. ஆகவே கோட்டை, மடாலயம், டெரஸ் என்ற வரிசையில் பாருங்கள். மாற்றிப் பார்த்தால் கதை தலைகீழாகிவிடும்.

ஊருக்கு ரயில் கிடையாது. பயணிகள் ரயில் 1953-லேயே நின்றுவிட்டது. யார்க் நகரத்திலிருந்து பஸ்தான், சுமார் 24 மைல். ஞாயிற்றுக்கிழமை பஸ் குறைவு. அறை பதிவு செய்யும் முன் திரும்பும் நாளின் கடைசி பஸ்ஸைப் பாருங்கள். பலரும் இதைத் தலைகீழாகச் செய்துவிட்டு டாக்சிக்கு அழுகிறார்கள். சந்தைச் சதுக்கத்துக்குப் பக்கத்தில் அறை எடுத்தால் கோட்டை, பஸ் நிறுத்தம், நடைபாதையின் தொடக்கம் எல்லாம் சில நிமிட நடைதான். வெள்ளிக்கிழமை சந்தை நாள்.

வந்து இறங்கும் பிற்பகலைக் கோட்டைக்குக் கொடுங்கள். ஒன்றரை மணி நேரம் போதும். முதலில் கவனிக்க வேண்டியது சுவரை அல்ல, அகழியை. பாறையை வெட்டி இரண்டு சுற்றாகத் தோண்டியிருக்கிறார்கள். மன்னர் தரப்புக்கும் நாடாளுமன்றத் தரப்புக்கும் நடந்த உள்நாட்டுப் போரில் 1644-இல் மூன்று மாத முற்றுகைக்குப் பிறகே கோட்டை பணிந்தது. முற்றுகையிட்ட நாடாளுமன்றத் தளபதி சர் தாமஸ் ஃபேர்ஃபாக்ஸுக்கே தோளில் குண்டு பாய்ந்தது. இனி யாரும் இதைப் போருக்குப் பயன்படுத்தக் கூடாது என்று நாடாளுமன்றத் தரப்பு கிழக்குக் கோபுரத்தின் ஒரு பகுதியை இடித்தது, ஆனால் குடியிருப்பு மாளிகையை விட்டுவைத்தது. அதனால்தான் ஒரு பக்கம் பிளந்த கோபுரமும், இன்னொரு பக்கம் 16-ஆம் நூற்றாண்டின் மரப்பலகைச் சுவரோடு ஒரு வீடும் ஒரே வளாகத்தில் நிற்கின்றன.

டிக்கெட்டில் ஒரு சிக்கல். கோட்டையும் மடாலயமும் இங்கிலிஷ் ஹெரிடேஜ் வசம். டெரஸ் நேஷனல் டிரஸ்ட் வசம். ஒன்றின் உறுப்பினர் அட்டை மற்றதில் செல்லாது. வெளிநாட்டிலிருந்து வருபவர்களுக்கு இரண்டு அமைப்புகளும் தனித்தனிக் குறுகிய காலப் பாஸ் விற்கின்றன. ஹெம்ஸ்லி மட்டும்தான் என்றால் பாஸ் கட்டுப்படியாகாது. வேறு நாலைந்து இடமும் பார்ப்பதானால் கணக்குப் போட்டுப் பாருங்கள். குளிர்காலத்தில் மடாலயம் பெரும்பாலும் சனி, ஞாயிறு மட்டுமே திறந்திருக்கும், டெரஸ் மூடியே இருக்கும். ஏப்ரல் கடைசியிலிருந்து செப்டம்பர் வரை நல்ல காலம்.

முதல் முழு நாள் ரீவோ. கிளீவ்லண்ட் வே என்ற தேசிய நடைபாதை (1969-இல் திறந்தது, ஃபைலி வரை 109 மைல்) ஹெம்ஸ்லியில்தான் தொடங்குகிறது. ஊரின் பெரிய கார் பார்க்கிங் பக்கத்திலேயே தொடக்கத்தைக் காட்டும் கல் இருக்கிறது. அங்கிருந்து ரீவோ ஒரு வழிக்கு மூன்றரை மைல், அதாவது ஐந்தரை கிலோமீட்டர். கூகுள் சொல்லும் நேரத்தை நம்பாதீர்கள். கேட், சேறு, ஏற்ற இறக்கம் எல்லாம் சேர்த்து இரண்டு மணி நேரம் வையுங்கள். வழிகாட்டி ஓக் விதைச் சின்னம்தான். மஞ்சள் அம்பு நடப்பவர்களுக்கு மட்டுமான பாதை, நீல அம்பு குதிரையும் சைக்கிளும் போகலாம்.

வயல் ஓரமாகப் போய், சின்னப் பள்ளத்தில் இறங்கி ஏறி, கிரிஃப் லாட்ஜ் என்ற வாயில் வீட்டைத் தாண்டினால் பாதை காட்டுக்குள் இறங்கும். மழைக்குப் பிறகு வழுக்குவது இங்கேதான். சாதாரண ஸ்போர்ட்ஸ் ஷூவின் அடிப்பகுதி ஈரக் களிமண்ணில் பிடிக்காது. ஆழமான பள்ளம் வெட்டிய அடிப்பகுதி வேண்டும். கீழே ரோட்டைத் தொட்டதும் ரீவோ பாலம் வரும். கிளீவ்லண்ட் வே பாலத்தைக் கடந்து போகும், நீங்கள் கடக்கக் கூடாது. பாலத்துக்கு முன்பே வலப்பக்கம் திரும்பி, ரை ஆற்றை இடப்பக்கம் வைத்துக்கொண்டு அரை மைல் நடந்தால் மடாலயம். சின்னத்தை மட்டும் பார்த்து நடப்பவர்கள் தவறவிடும் இடம் இதுதான். ரோட்டில் பிளாட்பாரம் இல்லை. எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி வலது ஓரமாக நடங்கள்.

மடாலயத்தில் திசைகாட்டி குழப்பும். தேவாலயத்தின் பீடம் கிழக்கே இருக்க வேண்டும். பள்ளத்தாக்கு குறுகல் என்பதால் இங்கே கிட்டத்தட்டத் தெற்கு நோக்கிக் கட்டிவிட்டார்கள். தகவல் பலகையில் 'கிழக்கு' என்றால் உங்கள் போனில் தெற்கு. தேவாலயத்தின் குறுக்குக் கையில் (சிலுவை வடிவக் கட்டடத்தின் பக்கவாட்டுப் பகுதி) நின்று சுவரைக் கீழிருந்து மேலாகப் பாருங்கள். அடிப்பகுதியில் கரடுமுரடான கல்லும் சின்ன வட்டத்தலை ஜன்னல்களும் 12-ஆம் நூற்றாண்டு. அதன்மேல் கூர்நுனி வளைவுகளும் மெல்லிய தூண்களும் 13-ஆம் நூற்றாண்டு. சிக்கனம் பேசிய சிஸ்டர்சியன் பிரிவுக் கிறிஸ்தவத் துறவிகள் நூறு ஆண்டில் எவ்வளவு மாறினார்கள் என்பதை அந்த ஒட்டு சொல்லிவிடும். மடாலயம் கலைக்கப்பட்டபோது கூரை ஈயத்தை உருக்கி அரச முத்திரையிட்டு வைத்தார்கள். இடிபாட்டுக்குள் சிக்கிக்கொண்ட சில கட்டிகள் 20-ஆம் நூற்றாண்டில்தான் வெளியே வந்தன. அந்த ஈயம் யார்க் நகரப் பேராலயமான யார்க் மின்ஸ்டரின் 'ஐந்து சகோதரிகள்' என்ற ஜன்னலைப் பழுதுபார்க்கப் பயன்பட்டது.

டெரஸ் நேர் மேலே தெரிந்தாலும் இரண்டுக்கும் நேரடிப் பாதை கிடையாது. கிராமத்து ரோட்டில் செங்குத்தாக ஏறி, பி 1257 சாலை அருகே உள்ள வாயிலுக்குப் போக வேண்டும். மேலே அரை மைல் நீளப் புல்வெளி, இரு முனையிலும் கோயில் வடிவில் ஒவ்வொரு மண்டபம், நடுவே மரங்களை வெட்டித் திறந்த இடைவெளிகள். ஒவ்வொரு இடைவெளியிலும் மடாலயம் வேறு கோணத்தில் தெரியும். கீழே பார்த்துவிட்டு வந்தவருக்குத்தான் எந்தச் சுவர் எது என்று புரியும். திரும்பும்போது பி 1257-இல் நடந்து குறுக்கு வழி தேடாதீர்கள். மோட்டார் சைக்கிள்காரர்கள் வேகம் பார்க்கும் ரோடு அது. வந்த வழியே இறங்குங்கள்.

இரண்டாம் நாள் சட்டன் பேங்க் என்ற மலைவிளிம்பு. எல்லோரும் ஹெம்ஸ்லியிலிருந்து அங்கே நடந்துபோய், திரும்ப வண்டி இல்லாமல் மாட்டிக்கொள்கிறார்கள். காலையில் டாக்சியில் அங்கே போய் இறங்கி, ஊருக்கு நடந்து வாருங்கள். சுமார் 300 மீட்டர் உயரத்திலிருந்து இறங்கும் நடை, ஏறக்குறைய 17 கிலோமீட்டர், பஸ் பிடிக்கும் அவசரம் இல்லை. கிளம்பும் முன் விளிம்போரமாக வெள்ளைக் குதிரை வரை போய் வரலாம். 1857-இல் மலைச்சரிவில் வெட்டிய உருவம் அது, 97 மீட்டர் நீளம். இங்கே பாறை சாக் என்ற வெண்சுண்ணாம்பு அல்ல என்பதால் அவ்வப்போது வெள்ளையடிக்க வேண்டியிருக்கிறது. பக்கத்தில் நின்றால் குதிரை தெரியாது, வெள்ளைச் சரளைதான் தெரியும். முழு உருவத்துக்குக் கீழே கில்பர்ன் சமவெளிக்குப் போக வேண்டும். அதற்காக மெனக்கெட வேண்டாம். போகும் பாதை ரோல்ஸ்டன் ஸ்கார் என்ற இரும்புக்கால மலைக்கோட்டையை ஒட்டிப் போவதுதான் பெரிய விஷயம். அதன்மேல் இப்போது கிளைடர் (எஞ்சின் இல்லாத விமானம்) மைதானம். தலைக்கு மேலே சத்தமில்லாமல் இறங்குவார்கள், பலகைகளை மதியுங்கள்.

அங்கிருந்து கோல்ட் கிர்பி வழியாக ரீவோ பாலம் வரை வழியில் கடை கிடையாது. தண்ணீர் ஒன்றரை லிட்டர், சாப்பாடு கையில். கன்றோடு நிற்கும் பசுக்கூட்டத்துக்கு நடுவே போகாதீர்கள், ஓரமாகச் சுற்றிப் போங்கள்; நாய் வைத்திருந்து மாடு துரத்தினால் கயிற்றை விட்டுவிடுங்கள். கோடையில் புதர்களில் உண்ணி இருக்கும், முழு நீளப் பேன்ட் போட்டு, இரவில் முழங்கால் மடிப்பைப் பாருங்கள். பள்ளத்தாக்கில் சிக்னலை நம்ப முடியாது. பிரிட்டனின் தேசிய வரைபட நிறுவனமான ஆர்டனன்ஸ் சர்வேயின் ஓஎல் 26 வரைபடத்தைக் காகிதமாகவோ போனில் முன்பே இறக்கியோ வைத்திருங்கள். அதில் நான்கு சென்டிமீட்டர், தரையில் ஒரு கிலோமீட்டர். காலில் அடிபட்டு நடக்க முடியாமல் போனால் 999 அழைத்து போலீசைக் கேட்டு, பிறகு மலை மீட்புக் குழு வேண்டும் என்று சொல்ல வேண்டும். நேரே ஆம்புலன்ஸ் கேட்டால், வண்டி போகாத இடத்துக்கு உதவி வந்து சேரத் தாமதமாகலாம்.

பக்கத்திலுள்ள பைலண்ட் மடாலயத்தையும் சேர்க்கலாமா என்றால், நடையில் சேர்க்காதீர்கள். அங்கே அனுமதி இலவசம். அந்தத் துறவிகள் ஒரு கட்டத்தில் ரீவோவுக்கு எதிரிலேயே குடியேறி, இரு மடங்களின் மணியோசையும் மோதிக்கொண்டதால் இடம் மாறி, 1177-இல் இங்கே வந்து சேர்ந்தவர்கள். பார்க்க ஆசையிருந்தால் இரண்டாம் நாள் காலை டாக்சியை அந்த வழியாக விட்டு, அரை மணி நேரம் நிறுத்தச் சொல்லி, முன்பே கட்டணம் பேசிவிடுங்கள்.